கஞ்சாப் பசுமைக்குடிலில் பங்கு என்று வருகிறார்கள், காசு கொடுத்துவிடாதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்க்கும் பசுமைக்குடிலில் பங்கு தருகிறோம் என்று என்னிடம் 4 இலட்சம் ரூபாய் வாங்கினார்கள். எங்கள் ஊரில் 9 பேர் கட்டியிருக்கிறோம். குடில் வரும் என்று காட்டிய காணியில் இன்றுவரை ஒரு கம்பிகூட நடவில்லை.

பரந்தனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வந்தவர் நல்ல மரியாதையாகக் கதைத்தார். 2025இல் மீரிகமவில் 64 ஏக்கரில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்க்க அரசாங்கம் அனுமதித்த செய்தியைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். "அண்ணை, நீங்கள் ஏற்கெனவே பொலித்தீன் கூடாரத்தில் பயிர் செய்கிறவர். உங்களுக்கு நான் விளங்கப்படுத்தவே தேவையில்லை" என்றார். உண்மைதான், வட்டக்கச்சியில் ஒரு சின்னக் கூடாரத்தில் சலாட் வெள்ளரி போடுகிறேன். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கையெழுத்து வைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா நகையை அடைவு வைத்துக் கட்டினார். அதை நினைத்தால் எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை.

அவர் தந்த கணக்குத் தாள் இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. ஒரே ஒரு பக்கம். சதுர அடிக்கு இத்தனை கிராம், கிராமுக்கு 5 டொலர், வருடத்துக்கு 3 அறுவடை. செலவுப் பக்கத்தில் நாற்று, உரம், கூலி என்று மூன்று வரிகள். மின்சாரம் என்ற சொல்லே அதில் இல்லை.

இந்தப் பயிரைப் பற்றிப் பிறகுதான் தேடி வாசித்தேன். கஞ்சாவில் விலைபோவது பூ. பெரும்பாலான வகைகள் இருட்டு நேரம் 12 மணித்தியாலம் அளவுக்கு வந்தால் பூக்கத் தொடங்கிவிடும். எங்கள் வன்னியில் வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம்தான், கூடிக் குறைந்தாலும் அரை மணித்தியாலம் அளவு. அப்படியே விட்டால் செடி சின்னதாக இருக்கும்போதே பூத்துவிடும். அதை வளர்த்தெடுக்க வழக்கமாகப் பகலை 18 மணித்தியாலம் ஆக்குவார்களாம், அதாவது கிழமைக்கணக்கில் ஒவ்வொரு நாளும் ஆறு மணித்தியாலம் அளவு கூடுதலாக விளக்கு எரிய வேண்டும். அந்த மின்கட்டணத்தை யார் கட்டுவது?

அப்புறம் வெக்கை. சித்திரை மாதத்தில் மதியம் என் கூடாரத்துக்குள் போனால் பத்து நிமிடம் நிற்க முடியாது. வெள்ளரி இலை எல்லாம் துவண்டு தொங்கும். மாரியில் அதற்கு நேர்மாறு, பொலித்தீனின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் துளிர்த்து நிற்கும், இலையில் பூஞ்சணம் ஏறும். மருந்துக்கென்று வாங்குகிறவர்கள் பூவை ஆய்வுகூடத்தில் சோதித்துத்தான் எடுப்பார்கள். பூஞ்சணம் கண்ட பூவை எடுக்கவே மாட்டார்கள். அப்படியானால் காற்றாடி, ஈரப்பதன் இறக்கும் கருவி எல்லாம் வேண்டும். அவையும் அந்தத் தாளில் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய பொய் அந்த 5 டொலர். தங்கச்சியின் கணவர் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறார். காசு கட்டிய பிறகுதான் அவரிடம் சொன்னேன், பெரிய பிழை. "அத்தான், இங்கேயே பெரிய பெரிய கம்பனிகள் இதில் விழுந்து எழும்ப முடியாமல் கிடக்குது" என்றார். கனடாவில் 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி கஞ்சா சட்டபூர்வமானது. எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு கண்ணாடிக் கூடங்கள் கட்டினார்கள். விளைச்சல் குவிந்தது, விலை விழுந்தது. கனோப்பி குரோத் என்ற பெரிய நிறுவனம் 2020 மார்ச்சில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு இடங்களில் சுமார் 30 இலட்சம் சதுர அடிக் கூடங்களை மூடுவதாக அறிவித்தது. ஏறக்குறைய 500 பேருக்கு வேலை போனது. அங்கே தீர்வை கிராமுக்கு 1 டொலர், அல்லது விலையில் 10 வீதம், இரண்டில் எது கூடவோ அது. கிராம் 10 டொலருக்குப் போனால் இரண்டும் ஒன்றுதான். 3 டொலருக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு வரிக்கே போய்விடும். விலை விழுந்தாலும் கூடம் கட்டிய கடனும் மின்கட்டணமும் குறையாது. தம்புள்ளையில் வெள்ளரி விலை விழுந்த கிழமைகளில் நானே பட்ட பாடு இது. தெரிந்திருந்தும் அந்தக் கூட்டத்தில் நான் அதைக் கேட்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மீரிகம அனுமதி 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தது. அதைக் காட்டி வன்னியில் யாரும் பங்கு விற்க முடியாது. அனுமதி இல்லாமல் ஒரு செடி வைத்தாலும் நச்சுப் பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். அவர்கள் உண்மையிலேயே நட்டிருந்தால் பொலிஸ் முதலில் வந்து நிற்பது காணிக்காரன் வாசலில்தான்.

இப்போது அந்த மனிதரின் தொலைபேசி வேலை செய்வதில்லை. முதலில் "இயந்திரம் துறைமுகத்தில் நிற்கிறது" என்றார், பிறகு "டொலர் பிரச்சினை" என்றார், பிறகு வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார். கையில் இருப்பது ஒரு றெசீற் மட்டும். அதில் கம்பனிப் பதிவு இலக்கம் இல்லை, விலாசமும் இல்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

அடுத்த கூட்டம் மல்லாவிப் பக்கம் என்று கேள்விப்படுகிறேன். யாராவது போனால் மூன்று கடதாசிகளைக் கேளுங்கள்: அவர்கள் பெயரில் உள்ள அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி, வெளிநாட்டில் வாங்குகிறவர் விலை எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மின்கட்டணம் சேர்த்த செலவுக் கணக்கு. படம் எடுத்து அனுப்புகிறோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். எங்களைப் போல் ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கிச் சிலிப்பையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம்.