9,200 ரூபாய்க்கு வீட்டில் எழுதின இரண்டு டிஸ்க்: பழைய பதிப்பு ப்ளூரே தேடுபவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போகட்டும் விடு' என்று தோன்றும். இதை எனக்கு விற்ற ஆளும் அதை நம்பித்தான் தொழில் நடத்துகிறான். இரண்டு ப்ளூரே (டிவிடியைவிடத் துல்லியமான பட டிஸ்க்), 9,200 ரூபாய், இரண்டும் போலி. வாங்குமுன் பார்க்கவேண்டியவை பத்து இருக்கின்றன. கடைசியில் வரிசையாகப் போடுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்', அமெரிக்க டிஸ்க் நிறுவனமான க்ரைட்டீரியன் 2012-ல் வெளியிட்ட பழைய ப்ளூரே, ஸ்பைன் நம்பர் (அட்டையின் முதுகில் இருக்கும் வரிசை எண்) 147. கூடவே அதே இயக்குநரின் 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்', அதே நிறுவனத்தின் 2008 ப்ளூரே, நம்பர் 453. இரண்டாவது வெளிவந்த சில வருடங்களிலேயே அச்சு நின்றுபோனது. முதலாவதைத் தேடினால் இப்போது கடையில் கிடைப்பது புதிய பதிப்புதான்.

புதியது இருக்கும்போது பழையதற்கு ஏன் இந்த விலை? 2021-ல் வோங்கின் ஏழு படங்கள் கொண்ட பெட்டி வந்தபோது இயக்குநரே மேற்பார்வையிட்டு நிறத்தை மாற்றினார். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் அகல-உயர விகிதத்தையே 1.85-லிருந்து 2.39-க்கு மாற்றினார். 'இன் த மூட் ஃபார் லவ்' படத்தில் பச்சை ஏறியது. ஓட்டல் வராந்தாவின் சிவப்புத் திரைகளும் நாயகி மேகி சியுங் உடுத்தும் சியோங்சாம் என்ற சீன உடைகளும் பழைய டிஸ்க்கில் வேறு மாதிரி இருக்கும். படைத்தவரே மாற்றியதை மாற்றாதே என்று சொல்ல நாம் யார் என்பது ஒரு கட்சி. 2000-ல் திரையில் ஓடிய படத்தை அப்படியே பார்க்க வழி இருக்கவேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. இந்தச் சண்டை ஓயாததால்தான் பழைய டிஸ்க்கின் விலை இறங்குவதில்லை. விலை இறங்காத இடத்துக்குப் போலி வந்துதானே தீரும்.

அந்த ஆள் விளம்பரம் போட்டிருந்தது பழைய பொருட்களுக்கான ஒரு செயலியில். கேட்ட விலை 9,500. முன்னட்டை, பின்னட்டை, ஸ்பைன் நம்பர், உள்ளே இருக்கும் சிறு புத்தகம், டிஸ்க்கின் மேல்பக்கம் என்று ஆறு படம் போட்டிருந்தான். ஆறிலும் டிஸ்க்கின் அடிப்பக்கம் இல்லை. அது அப்போது உறைக்கவில்லை. ஏனென்றால் அவன் பேசியது இப்படி: "சார், புது பாக்ஸ்ல பச்சை அடிக்குது. அந்த காரிடார் சிவப்பு செத்தே போச்சு. பழசைப் பார்த்த கண்ணுக்குப் புதுசு ஒட்டாது." சுங்கிங் பற்றிக் கேட்டால், "ஆரம்பத்துல அந்தத் துரத்தல் சீன்ல கிரெய்ன் நிக்கும் பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம்." (கிரெய்ன் என்றால் ஃபிலிமில் தெரியும் மணல் போன்ற பொடிப் புள்ளிகள்.) இதைச் சொல்லத் தெரிந்தவன் போலி விற்பானா? விற்பான். நாம் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறோம், அவன் படித்து மனப்பாடம் செய்துகொண்டான், அவ்வளவுதான்.

பிறகு, "ஆப்ல போட்டா கமிஷன் போகும் சார். நேரா யுபிஐல போட்டுடுங்க, 300 குறைச்சுக்கறேன்." 9,500 இப்படித்தான் 9,200 ஆனது. அந்த 300 ரூபாய்தான் தூண்டிலில் மாட்டிய புழு.

டிஸ்க் ஓடியபோதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். ப்ளூரேயில் ரீஜன் என்று ஒரு பூட்டு உண்டு, எந்தப் பகுதியின் ப்ளேயரில் ஓடலாம் என்பதற்கு. க்ரைட்டீரியனின் அமெரிக்க ப்ளூரே ரீஜன் ஏ. இந்தியாவுக்கான ப்ளேயர் ரீஜன் சி. பூட்டை மாற்றாத ப்ளேயரில் அந்த டிஸ்க் ஓடவே கூடாது, 'ரீஜன் தவறு' என்று திரையில் வரவேண்டும். இது சமர்த்தாக ஓடியது. (4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் கிடையாது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அடுத்துக் கணக்கு. 'இன் த மூட் ஃபார் லவ்' 98 நிமிடம். இந்த டிஸ்க்கில் 94. வெட்டு எதுவும் இல்லை, எல்லாக் காட்சியும் இருக்கிறது. வினாடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடவேண்டிய படம் 25 சட்டமாக ஓடுகிறது. பழைய ஐரோப்பிய 'பால்' (PAL என்ற டிவி முறை) டிவிடிகளில் இப்படித்தான் இருக்கும். 98-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 94 வந்து நிற்கும். வேகம் 4 சதவீதம் ஏறினால் சுருதியும் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறும். நாட் கிங் கோல் ஸ்பானிஷில் பாடும் இடத்தில் காதை வைத்தால் தெரியும், அந்தக் கனத்த குரல் மெலிந்து கேட்கிறது.

அதாவது டிவிடியை எடுத்து, 720க்கு 576 படத்தை 1920க்கு 1080 ஆக இழுத்து, ப்ளூரே என்று எழுதியிருக்கிறான். டிவிடியில் இருப்பது நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. ப்ளூரேயில் இருக்கவேண்டியது இருபது லட்சத்துக்கு மேல். திரையில் தெரியும் ஐந்து புள்ளியில் நாலு மென்பொருள் கற்பனை செய்தது. அதை மறைக்க ஓரங்களைக் கூர்மையாக்கியதில் நாயகன் டோனி லியுங்கின் கோட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு. முகத்தில் கிரெய்னே இல்லை, மெழுகு பூசியது போல இருக்கிறது. ஒலியும் அப்படியே. அசலில் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற தரம் இழக்காத ஒலி, இதில் டிவிடியிலிருந்து எடுத்த 448 கிலோபிட் டால்பி. சப்டைட்டிலை அணைக்க முடியவில்லை, படத்தோடு சேர்த்தே எரித்திருக்கிறான்.

சுங்கிங் வேறு ரகம். அது அசலிலிருந்தே உருவியதுதான், ஆனால் நசுக்கியிருக்கிறான். ப்ளூரேயில் வீடியோ வினாடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம். பிடிஇன்ஃபோ என்ற டிஸ்க் அலசும் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் இந்த டிஸ்க்கில் சராசரி 9. அவன் புகழ்ந்தானே அந்தத் துரத்தல் காட்சி, அங்கேதான் பல்லிளிக்கிறது. கைக்கேமரா, மங்கிய வெளிச்சம், ஒவ்வொரு சட்டத்திலும் புதுக் கிரெய்ன். வினாடிக்கு இத்தனை குறைந்த மெகாபிட்டில் கிரெய்ன் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது.

அடிப்பக்கத்தைத் திருப்பினால் இத்தனை ஆராய்ச்சியே தேவையில்லை. தொழிற்சாலையில் அச்சான ப்ளூரே வெள்ளி நிறத்தில் பளபளக்கும். எழுதின டிஸ்க் கறுத்த சாம்பலும் பழுப்பும் கலந்து இருக்கும். சாய்த்துப் பிடித்தால் எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் நடுவே ஒரு வளையம் தெரியும். எழுத்து உள்ளிருந்து வெளியே போகும். இரண்டு டிஸ்க்கிலும் எழுத்து தொடங்கிய இடத்திலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது, 25 ஜிபியில் 7 ஜிபிகூட நிரப்பவில்லை. நடுத் துளையைச் சுற்றிய கண்ணாடி வளையத்தில் ஐஎஃப்பிஐ குறியீடு (அச்சிட்ட தொழிற்சாலையைக் காட்டும் பொடி எழுத்து) இல்லை. மேல்பக்கப் படத்தில் ஈர விரலை வைத்தால் மை ஒட்டுகிறது. கணினியில் இம்க்பர்ன் (ImgBurn) என்ற டிஸ்க் எழுதும் மென்பொருள் 'பிடி-ஆர்', அதாவது வீட்டில் எழுதும் டிஸ்க், என்றே காட்டுகிறது. தொழிற்சாலையில் அச்சான அசலில் 'பிடி-ராம்' என்று வரும். விஎல்சி ப்ளேயர் மென்பொருளில் நேராக ஓடுகிறது. அசலில் ஏஏசிஎஸ் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கும், சாவி இல்லாமல் ஓடாது.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்களை வரிசையாகத் தருகிறேன், நாளை உங்களுக்கும் இதே வரிசையில் வரும். முதல் நாள்: "உங்க ப்ளேயர்ல ஏதோ கோளாறு சார்." இரண்டாம் நாள்: "அது ஹாங்காங் பதிப்பு, நீளம் கொஞ்சம் மாறும்." அட்டையில் அமெரிக்க நிறுவனம், உள்ளே ஹாங்காங் பதிப்பா? மூன்றாம் நாள் வந்ததுதான் கில்லாடித்தனம்: "சில கம்பெனியே எழுதின டிஸ்க்தான் சார் விக்கிறாங்க." பாதி உண்மை. வார்னர் நிறுவனத்தின் பழைய படங்களை விற்கும் வார்னர் ஆர்க்கைவ் 2009-ல் தொடங்கியபோது ஆர்டர் வர வர டிவிடி-ஆரில் எழுதித்தான் விற்றது, அவை அசல்தான். அதற்கும் இந்த அட்டைக்கும் என்ன சம்பந்தம்? நான்காம் நாள்: "நான் வாங்கினதைத்தான் வித்தேன், நானும் ஏமாந்தவன்தான்." ஐந்தாம் நாள் என் எண்ணை முடக்கிவிட்டான்.

செயலிக்காரர்கள் பதில் ஒரே வரி: பணம் செயலிக்கு வெளியே போனதால் பொறுப்பில்லை. வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பினது சார், நாங்க என்ன பண்ண முடியும்?" சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று. "9,200தானா?" என்று அந்தப் பக்கம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. ஆமாம், 9,200தான்.

சரி, பத்து என்றேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும்.

அடிப்பக்கப் படம் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய காகிதத்தோடு. 'அப்புறம் அனுப்பறேன்' என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ப்ளேயரில் போட்டு மொத்த ஓட்ட நேரம் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். 4 சதவீதம் குறைந்தால் 'பால்' டிவிடி சரக்கு.

செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அதே ஆறு படங்களோடு விளம்பரம் வேறு பெயரில் மறுபடி ஏறியிருக்கிறது. விலை 8,900.