பதினைந்து நிமிடம் என்று சொல்லும் பானை: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் பழுது நீங்கி வீடு திரும்பிய அன்றே, குழந்தை பிறந்து மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கியிருக்கும் தோழி ஒருவர், "இதை நம்பி வாங்கலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். வாங்குங்கள் அல்லது வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன். அது முடியாமல் போனதால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று. 6 லிட்டர் கொள்ளளவு, 1000 வாட் திறன், எஃகு உட்பானை, மூடியில் சிலிக்கோன் வளையம் என்ற விவரங்களை வாங்க நினைப்பவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எனக்கு இதன்மேல் உள்ள குறை ஒன்றுதான். இந்தக் கருவிக்கு நேரக் கணக்கு வராது. ஊறிய கொண்டைக்கடலையைப் போட்டு 15 நிமிடம் என்று வைத்தால், அது உடனே எண்ணத் தொடங்குவதில்லை. திரையில் சிறு கோடு ஒன்று வட்டமடித்துக்கொண்டிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, மூடியிலுள்ள சிறு ஊசி மேலே எழும்பிய பிறகுதான் முதல் நிமிடம் கணக்கில் வரும். பானை பாதி நிறைந்திருந்தால் அதற்கே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. எண்ணி முடித்தபின் அழுத்தம் தானாக அடங்க இன்னொரு கால் மணி நேரம் வேண்டும். ஆக, 15 என்று திரையில் தெரிந்தது நம் வயிற்றுக்கு 45 ஆகிவிடுகிறது. குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அச்சிட்டிருப்பது அந்த நடுப்பகுதி நிமிடங்களை மட்டுமே.

நியாயமாகப் பேசினால், காத்திருக்க வைப்பதற்காகக் கருவியைக் குற்றம் சொல்ல இடமில்லை. 25 டிகிரியில் இருக்கும் 2 லிட்டர் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர, ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும், 1000 வாட்டில் சுமார் பத்தரை நிமிடம் ஆகும். பானையும் உள்ளே இருக்கும் பண்டமும் சூடாக வேண்டும். அதற்கு மேலும் ஏற வேண்டும். அழுத்தத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்பதால்தான் கடலை விரைவில் வேகிறது. அடுப்பில் வைக்கும் சாதாரண குக்கர், அதன் முழு அழுத்தத்தில், ஏறக்குறைய 121 டிகிரியைத் தொடும். மின்சாரத்தில் இயங்குபவை பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்திலேயே நிற்பதால் வேகும் நேரமும் கொஞ்சம் கூடும். பிரெஞ்சு அறிவியலாளர் டெனிஸ் பாப்பன் 1679-இல் இறுகிய மூடிகொண்ட பாத்திரத்தில் எலும்பையே மென்மையாக்கிக் காட்டியபோதும் நீர் சூடாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. காத்திருப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்; அதைக் கணக்கில் காட்டாமல் மறைப்பதுதான் எனக்கு எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணம் எங்கள் வீட்டு மாலைப்பொழுது. நாங்கள் இருவரும் வேலை முடிந்து வீடு சேரும்போது ஆறரை மணி ஆகிவிடும். பிள்ளைகள் இருவரும் அதற்கு முன்பே பசியோடு காத்திருப்பார்கள். மாமியார் எட்டு மணி மாத்திரைக்கு முன் சாப்பிட்டாக வேண்டும், அதுவும் நன்றாகக் குழைந்ததாக. வெளியில் வாங்கி உண்பதைக் குறைத்து, உப்பும் எண்ணெயும் நம் கைக்கட்டுப்பாட்டில் இருக்கும்படி பருப்பும் காய்கறியும் சமைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதை வாங்கினோம். முதல் ஆண்டு முழுவதும் நடந்தது என்னவென்றால், அந்தக் கோடு திரையில் வட்டமடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளைகள் பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்துவிடுவார்கள். சத்தான உணவு மேசைக்கு வரும்போது அதை உண்ண ஆள் இருக்காது. சின்னவன் திரையைப் பார்த்து, "இன்னும் பதினைந்துதானே? அப்பவும் பதினைந்துதான் சொன்னீங்க!" என்று கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது.

இதற்கு நான் கண்டுபிடித்த மாற்றுவழி எளிது. வீட்டுக்குள் நுழைந்ததும் கெட்டிலில் நீரைக் கொதிக்கவைத்து, அந்தச் சூடான நீரையே பானையில் ஊற்றுகிறேன். பண்டத்தின் அளவையும் ஒருவேளைக்கு வேண்டியதாகக் குறைத்துக்கொள்கிறேன். அழுத்தம் ஏறும் நேரம் ஏழெட்டு நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் ஒரு கருவிக்கு வேலை வாங்க இன்னொரு கருவியைத் துணைக்கு வைக்க வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டேதான் கெட்டிலை எடுக்கிறேன்.

எண்ணப்படாத அந்த நிமிடங்கள் பசியோடு நிற்பவரை மட்டுமல்லாமல் காய்கறியையும் பாதிக்கின்றன. அழுத்தம் ஏறும்போதே பானைக்குள் வெந்துகொண்டிருக்கிறது என்பதை நான் வெகுநாள் உணரவில்லை. பச்சைப் பட்டாணியையும் பூக்கோசையும் "ஒரு நிமிடம்" என்று வைத்து, மூடியைத் திறந்தால் கூழாகக் கிடக்கும். நிறமும் போய், நீரில் கரையும் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி அடியில் தேங்கிய நீரோடு சேர்ந்திருக்கும். இப்போது பருப்பு, முழுத்தானியம், உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஆகியவற்றை மட்டுமே குக்கருக்குக் கொடுக்கிறேன். கீரையும் பூக்கோசும் பக்கத்து அடுப்பில் மூடிய வாணலியில் சில நிமிடத்தில் வெந்துவிடுகின்றன. ஒரே பாத்திரத்தில் முழுச் சமையல் என்ற விளம்பரப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் இப்போது நம்புவதில்லை.

பழுதான கதையும் இதே அவசரத்திலிருந்துதான் தொடங்கியது. அழுத்தம் தானாக அடங்கும்வரை பொறுக்காமல், பருப்பு வெந்த உடனே ஆவி வால்வைத் திறந்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. பருப்பின் மாவும் புரதமும் நுரையாகப் பொங்கி வால்வு வழியே தெறிக்கும். ஊசியின் அடியில் உள்ள சிறு சிலிக்கோன் தொப்பியில் அந்தப் பசை காய்ந்து படியும். பருப்பு வகைகளைப் பாதிப் பானைக்கு மேல் நிரப்பக் கூடாது என்று கையேட்டில் இருந்ததை நான் படித்திருந்தும் பின்பற்றவில்லை. ஒரு நாள் ஊசி எழும்பவே இல்லை. ஓரத்தில் ஆவி கசிந்துகொண்டே இருந்தது, கோடு முக்கால் மணி நேரம் வட்டமடித்தது, அடியில் பருப்பு தீய்ந்தது. பழுது பார்த்தவர் அந்தத் தொப்பியையும், நீண்டு தளர்ந்துபோயிருந்த மூடி வளையத்தையும் மாற்றினார். இரண்டும் கையாலேயே கழற்றி மாட்டக்கூடியவை என்பதை வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பழைய வளையத்தில் நான்கு ஆண்டுப் பூண்டு வாசனை குடியிருந்தது. புதிய வளையம் வந்ததும் பால் சேர்த்த இனிப்புச் சோறு முதன்முறையாகப் பால் வாசனையோடு கிடைத்தது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, எங்கள் காலை வேளையைப் பற்றியும் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். நேரம் தள்ளித் தொடங்கும் வசதி ஒன்று இதில் இருக்கிறது. அதை முதல் இரண்டு ஆண்டுகள் நான் தொட்டதே இல்லை. இரவு படுக்கப்போகும்போது கடலையையும் குளிர்ந்த நீரையும் பானையில் போட்டு, விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும்படி வைத்துவிட்டால், அது ஊறி, தானாகவே வெந்து, அழுத்தமும் தானாகவே அடங்கி, நாங்கள் எழும்போது தயாராக இருக்கிறது. அருகில் நின்று பார்க்க ஆளில்லை, விசிலை எண்ண வேண்டியதில்லை, அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகமும் இல்லை. யாரும் காத்திருக்காதபோது இந்தக் கருவி சொல்லும் பொய் யாரையும் பாதிப்பதில்லை. பாதியைக் காலையில் காய்கறியோடு கலந்து பிள்ளைகளின் டப்பாவில் வைப்பேன். மீதியை ஆறவைத்து உடனே குளிர்பெட்டியில் வைத்தால் மாலையில் பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடம் உண்மையான பத்து நிமிடம். இறைச்சியையும் பாலையும் மட்டும் இப்படி இரவு முழுவதும் வைக்கக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே கிருமிகள் வேகமாகப் பெருகும்.

மெதுவாகச் சமைக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. ராஜ்மாவுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். ராஜ்மாவில் இயல்பாக உள்ள லெக்டின் நஞ்சு, குறைந்த சூட்டில் அழியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, அழுத்தத்திலோ கொதிநீரிலோ வேகவைத்தால் அச்சமில்லை.

என் தீர்ப்பைத் தோழிக்கு எழுதிவிட்டேன்: வாங்க வேண்டாம். மாலையில் வீடு திரும்பி அரை மணி நேரத்தில் சாப்பாடு வேண்டும் என்பவருக்கு, அடுப்பில் வைக்கும் சாதாரண குக்கர் ஒன்று போதும். அது முன்னதாகவே அழுத்தம் ஏறும், சத்தம் போட்டாவது உண்மையைச் சொல்லும். "அப்படியானால் நீங்கள் ஏன் அதைப் பழுது பார்க்கக் கொடுத்தீர்கள்?" என்று உடனே பதில் வந்தது. அந்தக் கேள்வியைப் படித்தபோது இரவு பத்தரை மணி. மறுநாள் காலைக்கான கடலையை அப்போதுதான் பானையில் கொட்டி, ஐந்து மணிக்கு வைத்துவிட்டு வந்திருந்தேன்.