குழந்தையோடு ரிசார்ட் உணவகத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

தீம் பார்க் ரிசார்ட்டுக்குள் இருக்கும் உயர்தர உணவகத்தில் சின்னக் குழந்தையோடு சாப்பிடத் திட்டமா? கார்டு நம்பரைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் போன வாரம் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு அரை வயிற்றோடு திரும்பினோம்.

நான், கணவர், மாமியார், ஒன்றே முக்கால் வயது மகள். முன்பதிவுப் பக்கத்தில் ‘எல்லா வயதுக் குழந்தைகளும் வரலாம்’ என்று போட்டிருந்தது. குறிப்பு எழுதும் கட்டத்தில் ஹை சேர் வேண்டும், குழந்தைக்குப் பால் ஒவ்வாமை உண்டு, அவள் சாப்பாட்டை முதலில் கொண்டுவாருங்கள் என்று எழுதினேன். உறுதி செய்து வந்த மெயிலில் நான் எழுதியது வரி மாறாமல் இருந்தது. சரி, படித்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். அது கணினி தானாக ஒட்டி அனுப்புவது என்பதும், சமையலறையில் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதும் அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஆறரை மணிக்கு மேசை. வாசலிலேயே ஸ்ட்ரோலரை வாங்கி வைத்துக்கொண்டார்கள், உள்ளே அனுமதி இல்லையாம். தூக்கம் வந்தால் அதிலேயே படுக்க வைக்கலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு அங்கேயே போச்சு. அப்புறம் மேசை தயாராக 35 நிமிடம். இந்த வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பார்க்கில் சுற்றியதில் அவளுக்குப் பகல் தூக்கமே இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று மாமியார் சொன்னார். ஆனால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் ஆளுக்கு இவ்வளவு என்று கார்டில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தை நினைத்துத்தான் நின்றோம். இப்போது யோசித்தால், அன்று போயிருக்கலாம்.

ஹை சேர் பார்க்க அழகு, பளபளவென்று மரத்தில் செய்தது. இடுப்புப் பட்டையில் ஒரு பக்கம் மட்டும் தொங்கியது, கால்களுக்கு நடுவே வரும் பட்டை அறுந்து போயிருந்தது. உட்கார வைத்த இரண்டாவது நிமிடமே அவள் தட்டுக்கு அடியில் வழுக்க ஆரம்பித்தாள். வேறு கேட்டதற்கு, “எல்லாம் இதே மாதிரிதான் மேடம்” என்றார் பரிமாறுகிறவர். கடைசியில் மாமியார் தன் சால்வையை எடுத்து அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். இத்தனை பெரிய இடத்தில், மேலே சரவிளக்கு எரிய, குழந்தையைச் சால்வையில் முடிச்சுப் போட்டு உட்கார வைத்திருக்கிறோம்!

அவளுடைய தட்டு முதலில் வரவில்லை. எங்களுக்கு சூப் வந்து, அதன் பிறகு 25 நிமிடம் கழித்து, எங்கள் முக்கிய உணவோடுதான் வந்தது. அதில் முழுத் திராட்சை. உருண்டையாக, வழவழப்பாக, சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கிற அளவில் இருக்கும் பழம் அது. நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். ‘சிறுவர் மெனு’ என்று பெயர் வைத்துச் சமைக்கிறவர்களுக்கு இது தெரியாதா? பக்கத்தில் வேகவைத்த காய்கறி மின்னியது. தொட்டுப் பார்த்தேன், வெண்ணெய்! ஒவ்வாமை என்று எழுதியிருந்தேனே என்றதற்கு, “கொஞ்சம்தான் போட்டிருப்பார்கள்” என்று பதில். பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தக் கொஞ்சமே போதும் என்று விளக்கினேன். தட்டை எடுத்துப் போனவர் திரும்பவே இல்லை. பையில் இருந்த வாழைப்பழம்தான் அன்று அவளுக்கு இரவுச் சாப்பாடு.

அவள் அழ ஆரம்பித்ததும் கணவர் வெளியே தூக்கிப் போனார். நானும் மாமியாரும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டதில் எல்லாம் ஆறிப்போனது. இனிப்பைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னால் அதற்கும் விதி இடம் தராதாம்.

பில்லில் தொடாத அந்தத் தட்டுக்குப் பெரியவர் கட்டணத்தில் பாதி. சேவைக் கட்டணம் அதிலேயே சேர்ந்திருந்தது. ஆனாலும் கார்டு மெஷினில் ‘டிப்ஸ் எத்தனை சதவீதம்?’ என்று மறுபடி கேட்டது. அவசரத்தில் கணவர் ஒன்றைத் தட்டிவிட்டார். ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி. மேலாளரைக் கூப்பிட்டால், முன்பதிவின்போதே எல்லா நிபந்தனைக்கும் சம்மதித்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீங்கள் போவதாக இருந்தால் மெயிலை நம்பாமல் போனில் கூப்பிடுங்கள். ஹை சேருக்குப் பட்டை முழுதாக இருக்கிறதா, ஒவ்வாமை விவரம் சமையல்காரருக்கு நேரடியாகப் போகுமா, குழந்தைக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேளுங்கள், பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்துப் பதில் சொன்னால் முன்பதிவே வேண்டாம். மெஷினில் எதையும் தட்டுவதற்கு முன் பில்லின் கடைசி வரிகளைப் படியுங்கள்.

பில்லையும் அந்த மெயிலையும் படம் எடுத்து அனுப்பினேன். நான்கு நாள் கழித்து குழந்தையின் கட்டணத்தை மட்டும் திருப்பிப் போட்டார்கள். இரண்டாவது டிப்ஸுக்கு இன்னும் பதில் இல்லை.