ஜெல்லில் கோட்டைக் காட்டிய பி.இ.ஜி. 6000

எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குப் போன ஜூனில் அரைக் கிலோ பி.இ.ஜி. 6000 (பாலிஎத்திலீன் கிளைகால் என்ற, தண்ணீரில் கரையும் பாலிமர்) வாங்கினோம். வாங்கச் சொன்னது நான்தான்.

ஆக்டர்லோனி சோதனை (ஜெல்லில் வெட்டிய குழிகளிலிருந்து ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் பரவி, சந்திக்கும் இடத்தில் கோடு விழுகிறதா என்று பார்ப்பது) என்றாலே மாணவர்கள் தட்டை விளக்குக்கு நேரே பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ஆன்டிஜென் குழிக்கும் ஆன்டிசீரம் (ஆன்டிபாடி உள்ள சீரம்) குழிக்கும் நடுவே வரவேண்டிய வெள்ளைக் கோடு 48 மணி நேரம் கழித்தும் "இருக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்ற அளவில்தான் தெரியும். 1% அகரோஸ் ஜெல்லில் 3% பி.இ.ஜி. கலந்து ஊற்றினோம். மறுநாள் காலையிலேயே கோடு பளிச்சென்று நின்றது. கடைசி பெஞ்சிலிருந்தே ஒரு பையன் கை காட்டினான். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பி.இ.ஜி. ஆன்டிபாடியோடு போய் ஒட்டிக்கொள்வதில்லை. அதன் நீண்ட சங்கிலிகள் தண்ணீரில் இடத்தை அடைத்துக்கொள்ள, பெரிய புரதங்கள் நெருக்கித் தள்ளப்படுகின்றன. கரைந்தே நின்றிருக்கக்கூடிய சிறு ஆன்டிஜென்-ஆன்டிபாடி கூட்டுகளும் திரண்டு வீழ்படிவாகின்றன. அதனால் வலு குறைந்த ஆன்டிசீரத்துக்குத்தான் பலன் அதிகம். நல்ல சீரம் கையில் இருந்தால் இது வேண்டியதில்லை.

அளவில் மட்டும் கை தாராளம் ஆகாது. ஒருமுறை 6% போட்டோம். ஆன்டிசீரம் குழியைச் சுற்றிப் புகை மூட்டம் போல் வெண்படலம்; எதிரே வெறும் சலைன் (உப்புநீர்) வைத்த பக்கமும் அப்படியே. ஆன்டிஜென்னே இல்லாத இடத்தில் சீரத்தின் புரதங்கள் தாமாகவே படிந்துவிட்டன. அதை மாணவர்கள் 'பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தால்? அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு சலைன் குழி கட்டாயம். மான்சினி வளையச் சோதனைக்கு (வீழ்படிவு வளையத்தின் அகலத்தை வைத்து ஆன்டிஜென் அளவைக் கணிப்பது) பி.இ.ஜி. பயன்படுத்துவோர், அளவு தெரிந்த தரமாதிரிகளையும் அதே ஜெல்லில் வையுங்கள். பி.இ.ஜி. இல்லாத பழைய தட்டின் வரைபடத்தை வைத்து அளவு சொல்லாதீர்கள்.

முதலில் பஃபரில் (pH மாறாமல் காக்கும் கரைசல்) பி.இ.ஜி.யைக் கரைத்துவிட்டு அகரோஸைப் போட்டுக் காய்ச்சினால் கட்டி தட்டாது. சாயம் ஏற்றுவதானால் அதற்கு முன் சலைனில் நன்றாக ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

குறை, புட்டியில்தான். உள்மூடி இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். ஐப்பசி மழையில் மேல்பகுதி ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டது. ஈரத்தோடு நிறுத்தால் 3% என்பது 3% ஆகுமா? அந்தப் பகுதியை எடுத்துக் கொட்டினேன். 20 மி.லி. தட்டுக்கு 0.6 கிராம்தான் செலவு, அரைக் கிலோ 800 தட்டுக்கு மேல் வரும். சின்ன ஆய்வகத்துக்கு அது மிக அதிகம். அடுத்த முறை 100 கிராம் புட்டிதான் வாங்குவேன்.