லட்சத்தீவு டூருக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

லட்சத்தீவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி, ஈரோட்டில் உள்ள ஒரு டிராவல்ஸ் எங்கள் குடும்பத்திடம் 1,92,000 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. அகத்தியில் இறங்கி, படகில் பங்காரம், தின்னகரா தீவுகளைப் பார்த்து, கத்மத்தில் ஸ்கூபா டைவிங் செய்வதாகத் திட்டம். அதில் பெரும்பகுதி என் மனைவி மாதாமாதம் கட்டிவந்த சீட்டுப் பணம்.

அந்த அலுவலகத்தில் இருந்தவர் எங்களுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, என் மகனிடம் பவளப்பாறைப் படங்களைக் காட்டி, "பர்மிட் எங்க பொறுப்புங்கண்ணா, நீங்க பெட்டியக் கட்டிட்டு வந்தாப் போதும்" என்றார். சொந்தக்காரரைப் போல அவர் குடும்ப நலம் விசாரித்த விதமும், முத்திரை குத்திக் கொடுத்த ரசீதும் எங்களை முழுமையாக நம்பவைத்தன. முழுத் தொகையையும் அன்றே செலுத்தினோம்.

லட்சத்தீவுக்குள் நுழைய இந்தியக் குடிமக்களுக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். 1967-ஆம் ஆண்டு விதிகளின்படியே அது நடைமுறையில் உள்ளது. பிப்ரவரி மாத அதிகாலையில் வாளையாறு வழியாக நெடும்பாசேரி விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் கையில் இருந்தது அனுமதிச்சீட்டே அல்ல, வெறும் விண்ணப்பத்தின் நகல் என்றும், எங்கள் பெயரில் விமானப் பதிவே இல்லை என்றும் கவுண்ட்டரில் தெரிவித்தார்கள். என் மகள் அங்கேயே அழுதுவிட்டாள்.

அதன்பிறகு கேட்டதெல்லாம் சாக்குப்போக்குதான். முதலில் "சர்வர் வேலை செய்யலைங்க" என்றார்கள். அடுத்து மேனேஜர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு கடல் சீற்றமாக இருப்பதால் தேதியை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். தென்மேற்குப் பருவமழையில் சீறும் கடல் அது. பிப்ரவரியில் அமைதியாகவே இருக்கும். இன்று காலை முதல் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 1,92,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கொடுத்த பயணத் திட்டத்தில் கடைசி நாள் காலை டைவிங், அன்று மதியமே விமானம் என்று இருந்தது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன்பே விமானத்தில் ஏறினால் அது குமிழிகளாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், டைவிங் பயிற்சியாளர்கள் பொதுவாகப் 18 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் உயிரோடு விளையாடும் இப்படியொரு தாளையா எங்களிடம் நீட்டினார்கள் என்று நினைக்கும்போது பணம் போனதைவிட அதிகமாகக் கொதிக்கிறது.

அனுமதிச்சீட்டைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். விமானப் பதிவு எண்ணை நீங்களே விமான நிறுவனத்திடம் சரிபாருங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் புகார் கொடுத்துவிட்டேன், நாளை காவல் நிலையம் போகிறேன்.