மழையில 6 மீட்டர் வண்டியும் அப்ருட்ஸோ மலை ஊருங்களும்: மூணு வருஷம் ஓட்டின அனுபவம்

உள்ளயே படுக்க, சமைக்க வசதி இருக்கற இந்த கேம்பர்வேன் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. முனிக்ல இருக்கோம், நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும் தான். செகண்ட் ஹேண்ட் வண்டி, டெலிவரி வேன உள்ள மாத்தி கட்டுனது, நீளம் 5.99 மீட்டர். எங்களுக்கு லீவு கிடைக்கறதே அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பம்னு தான், அதனால இத்தாலி மலைய வெயில்ல பாத்தது கம்மி, மழையில பாத்தது தான் ஜாஸ்தி. வாங்கறதுக்கு முன்னாடி நான் படிச்ச ரிவ்யூ எல்லாத்துலயும் ஏரிக்கரை, மடக்கு சேர், கையில காபி. அந்த மாதிரி நாள்ல எந்த வண்டியும் நல்ல வண்டி தாங்க. விடாம நாலு நாள் பேஞ்சா தான் வண்டியோட குணம் தெரியும்.

நாங்க போறது பெரும்பாலும் அப்ருட்ஸோ. ரோமுக்கு கிழக்க, அப்பென்னைன் மலைத்தொடரோட உயரமான பகுதி, கோர்னோ கிராண்டே உச்சி 2,912 மீட்டர். வட இத்தாலியில இருக்கற டோலமைட்ஸ் மலை எங்க வீட்டுலேர்ந்து ரொம்ப பக்கம், ஆனா அங்க கூட்டமும் ஜாஸ்தி செலவும் ஜாஸ்தி. இங்க ஓட்டிட்டு வர்றதுக்கே ரெண்டு நாள் போயிடும், பரவால்ல.

முதல்ல உள்ள சேர்ற ஈரத்த பத்தி சொல்லிடறேன். மழைனா எல்லாரும் மேலேர்ந்து ஒழுகறத பத்தி தான் யோசிப்பாங்க, எங்கள படுத்தி எடுத்தது உள்ளயே உருவாகற தண்ணி. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வருது, அது போக ரெண்டு பேர் ராத்திரி முழுக்க விடற மூச்சு, நனைஞ்ச ஜாக்கெட், ஷூ. இதெல்லாம் பத்தாதுன்னு நான் குக்கர் வேற கொண்டு போயிருந்தேன்! முதல் ட்ரிப்ல சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ ஊர் ஓரம் நிறுத்தி மூணு விசில் விட்டேன் பாருங்க, கண்ணாடி எல்லாத்துலயும் தண்ணி கோடு கோடா வழிஞ்சு, ஜன்னல் சட்டத்துல தேங்கி, அங்கேர்ந்து சொட்டு சொட்டா மெத்தை ஓரத்துக்கு போயிடுச்சு. அப்ப நான் கண்டுக்கல. வீட்டுக்கு வந்து மெத்தைய தூக்கி பாத்தா அடியில மிளகு தூவின மாதிரி கருப்பு கருப்பா பூஞ்சை. அந்த மெத்தைய தூக்கி போட்டோம். இப்ப மெத்தைக்கு அடியில காத்து போற மாதிரி வலை போட்டிருக்கோம், சமைக்கும்போது எவ்ளோ குளிரா இருந்தாலும் மேல் ஜன்னல் ரெண்டு விரல் தொறந்திருக்கும், ஈர துணி எல்லாம் பாத்ரூம் உள்ள தொங்கும், ஹீட்டர் குழாய் ஒண்ண அங்க திருப்பி விட்டாச்சு. பாத்ரூம் சின்னதா இருக்குன்னு வாங்கும்போது புலம்பினேன், மழைல அத குளிக்கறதுக்கு யாரு யூஸ் பண்றா, அது துணி காயப்போடற ரூம் தான்.

மேலேர்ந்து ஒழுகலயான்னு கேட்டா, அதுவும் ஒழுகுச்சு. ரெண்டாவது வருஷம், சரிவுல மூக்கு கீழ பாத்த மாதிரி நிறுத்தியிருந்தோம், ராத்திரி மூணு மணிக்கு என் நெத்தியில டப்புன்னு ஒரு சொட்டு. வித்த கடைக்காரர்கிட்ட கொண்டு போனா அது மூச்சுக்காத்து தண்ணிம்மா, ஒழுகல்லாம் இல்லன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டார். சமதரையில நிறுத்தி பைப்புல தண்ணி அடிச்சு பாத்தா எப்படி ஒழுகும்? கடைசியில எங்க வீட்டுக்காரரே ஏணி போட்டு ஏறி இடுக்கு அடைக்கற பழைய சீலண்ட சொரண்டி எடுத்துட்டு புதுசா போட்டார், அதுக்கப்புறம் ஒரு சொட்டு இல்ல. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க வண்டிய சாய்வா நிறுத்தி தண்ணி அடிச்சு பாருங்க, சமமா நிறுத்தி இல்ல.

ஹீட்டர் டீசல்ல ஓடறது. 1,250 மீட்டர்ல இருக்கற சாந்தோ ஸ்தெஃபானோவுல அருமையா ஓடுச்சு. அதே ஹீட்டர் மேல இருக்கற காம்போ இம்பெராத்தோரே சமவெளியில, கிட்டத்தட்ட 1,800 மீட்டர், ரெண்டு தடவ வெள்ள புகைய கக்கிட்டு படுத்துக்கிச்சு. உயரத்துல காத்து மெலிசு, அதே அளவு டீசல் போனா ஒழுங்கா எரியாது, அதுக்கு தனியா ஒரு கிட் போடணுமாம், யாரும் சொல்லல எங்களுக்கு. ஜாக்கெட்டோட படுத்து ராத்திரிய ஓட்டினோம். அந்த சமவெளிக்கு குட்டி திபெத்னு பேரு, எங்களுக்கு பத்தடி தள்ளி நின்ன குதிரை கூட பாதி தான் தெரிஞ்சுது. 1943ல முசோலினிய அடைச்சு வெச்சிருந்த ஹோட்டல் இங்க தான் இருக்கு, ஜெர்மன்காரங்க கிளைடர்ல வந்து எறங்கி கூட்டிட்டு போனாங்க. மூடுபனியில கண்ணுக்கு தெரியாத அந்த ஹோட்டல் இருக்கற திசைய பாத்து ஒரு போட்டோ எடுத்துக்கிட்டோம், வெள்ளையா ஒரு போட்டோ.

ஆனா கீழ புல்வெளி ஓரத்துல கறிக்கடை இருக்கும், அங்க அர்ரோஸ்திசினி பச்சையா வாங்கி, வாய்க்கால் மாதிரி ஒடுக்கமா நீளமா இருக்கற கரி அடுப்புல நாமளே சுட்டுக்கணும். ஆட்டுக்கறிய விரல் நகம் அளவுக்கு வெட்டி குச்சியில குத்தினது, உப்பு மட்டும் தான், மசாலா கிசாலா எதுவும் கிடையாது. மழைக்கு தகரத்துக்கு அடியில நின்னு முப்பது குச்சி தின்னோம். கையும் காஞ்சுது வயிறும் ரொம்புச்சு.

ஊருங்கள பத்தி. மழையில பாக்க சாந்தோ ஸ்தெஃபானோ மாதிரி ஒரு ஊர் கிடையாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். தெருவுல பாதி வீட்டுக்கு அடியில போகுது, கல் வளைவு போட்டு மேல ரூம் கட்டியிருக்காங்க, அதனால குடை இல்லாமயே ஊர்ல பாதி தூரம் நடந்துடலாம். 16ஆம் நூற்றாண்டு கடைசியில ஃப்ளோரன்ஸ ஆண்ட மெதிச்சி குடும்பத்து கைக்கு போன ஊரு, எல்லாம் ஆட்டு கம்பளி வியாபாரத்துக்காக. நடுவுல இருந்த கோபுரம் 2009 ஏப்ரல் 6 நிலநடுக்கத்துல விழுந்துடுச்சு, திரும்ப கட்டியிருக்காங்க. இந்த ஊர் பருப்பு ஃபேமஸ், நம்ம மசூர் பருப்பவிட சின்னது, கருப்பு கலந்த பழுப்பு, ஊற வெக்கவே வேணாம், அரை மணிக்குள்ள வெந்துடும். குக்கருக்கு ஓய்வு கொடுத்தது இந்த பருப்பு தான்! தக்காளி, பூண்டு, கொண்டு போன ரசப்பொடி போட்டு வெச்சேன், சும்மா சொல்லக்கூடாது, அவ்ளோ நல்லா இருந்துச்சு.

ஸ்கான்னோன்னு இன்னொரு மலை ஊர், அங்க போற வழி தான் பயம். அன்வெர்சாங்கற ஊர் தாண்டினதும் சாஜித்தாரியோ பள்ளத்தாக்கு, ரோட்டுக்கு மேல பாறை நீட்டிக்கிட்டு நிக்கும், கண்ணாடியோட சேத்து எங்க வண்டி அகலம் ரெண்டரை மீட்டர் கிட்ட. அன்னிக்கு ஓட்டினது நான் தான், எதிர்ல பஸ் வந்துச்சு, டிரைவர் அசால்ட்டா கைய ஆட்டி பின்னாடி போன்னு சொல்றார், நான் போறேன், பக்கத்துல உக்காந்திருக்கறவர் ஸ்டாப் ஸ்டாப்னு கத்தறார், ரோட்டுல மழைக்கு உருண்டு வந்த முஷ்டி அளவு கல்லுங்க வேற. மழை நேரத்துல இந்த மாதிரி ரோட்டுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மாநிலத்தோட வானிலை அலெர்ட்ட பாருங்க, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு போடுவாங்க. நாங்க ஆரஞ்சுனா நகர மாட்டோம். மஞ்சள்னா யோசிப்போம். ஸ்கான்னோ போய் சேந்தப்புறம் 1957ல போட்டோகிராஃபர் மாரியோ ஜாக்கொமெல்லி கருப்பு வெள்ளையில படம் எடுத்த இடமெல்லாம் தேடி நடந்தோம், ஈர கல்லு படிக்கட்டு, கருப்பு கோட்டு போட்ட பாட்டி ஒருத்தங்க மட்டும், வேற ஆளே இல்ல. மத்தியானம் ஒரு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் கடையெல்லாம் மூடிடுவாங்க, அத மறந்துட்டு போனா மழையில நனைய வேண்டியது தான். பார், அதாவது அங்கத்த காபிக்கடை, தொறந்திருந்தா பொழச்சோம். நின்னுக்கிட்டே காபி குடிச்சுட்டு "பியோவே, எஹ்?"னு சொன்னா போதும், மழை பேயுதேன்னு அர்த்தம், அதுக்கப்புறம் பேச்ச அவங்களே பாத்துக்குவாங்க.

நிறுத்தறத பத்தி ஒண்ணு. இத்தாலி சட்டப்படி கார் நிறுத்தலாம்னா கேம்பரும் நிறுத்தலாம், ஆனா சக்கரம் மட்டும் தான் தரைய தொடணும், தண்ணி வெளிய விடக்கூடாது, வண்டி அகலத்த தாண்டி எதையும் விரிக்கக்கூடாது. ஷூ நனையுதேன்னு வண்டி பக்கத்துல இருக்கற துணி பந்தல இழுத்து விட்டா அது கேம்பிங் கணக்கு. ஒரு ஊர்ல போலீஸ்காரர் மழையில நின்னு நாங்க பந்தல சுருட்டற வரைக்கும் பொறுமையா பாத்துட்டு தான் போனார்.

சோலார் பேனல்? நவம்பர் மழையில மேல இருக்குன்னு ஒரு திருப்தி, அவ்ளோ தான். தினம் ஒரு மணி நேரம் ஓட்டினா பேட்டரி நிறையும். ஜெர்மன் கேஸ் சிலிண்டர இத்தாலியில மாத்தி தர மாட்டாங்க, முழுசா ரெண்டு கொண்டு போங்க.

விக்கலாமான்னு போன வருஷம் ஒரு பேச்சு வந்துச்சு. இப்ப ஹீட்டருக்கு அந்த உயர கிட் ஆர்டர் பண்ணியாச்சு. வர்ற அக்டோபர் கடைசியில திரும்ப காம்போ இம்பெராத்தோரே, அந்த ஹோட்டல கண்ணால பாக்காம விடறதில்ல. குக்கர் இந்த தடவ வீட்லயே இருக்கும்.