“முழு எஞ்சினும் செய்தாச்சு” என்றால் பழைய பிஸ்டனைக் கேளுங்கள்

ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் எஞ்சின் செய்த பழைய ரொயோட்டா கொறோலா 110 (5ஏ எஞ்சின்) ஒன்றை வேறிடத்தில் திறந்தபோது தெரிய வந்தவை இவை. பில்லில் போர் அடித்தது (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்துவது), அதற்கேற்ற 0.50 மில்லிமீற்றர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பெயறிங், வால்வ் சீல் எல்லாவற்றுக்கும் காசு போட்டிருந்தார்கள். உள்ளே புதிதாக இருந்தது ரிங்கும் வால்வ் சீலும் மட்டுமே. அந்த ரிங்கும் ஸ்ராண்டட் சைஸ், அதாவது போர் அடிக்காத சிலிண்டருக்குரியது.

வன்னி வீதிகளில் ஏற்றமே இல்லாததால் இழுவை குறைந்தது பிடிபட நாளாகும். முதலில் காட்டிக்கொடுத்தது, முந்துவதற்கு மிதிக்கும்போது வந்த நீலப் புகை. பிறகு கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்) பார்த்தார்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, பெற்றோலும் கரண்டும் போகாமல் நிறுத்தி, அக்சிலேற்றரை முழுக்க மிதித்தபடி ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை ஸ்ராட்டரைச் சுற்ற வேண்டும். பற்றரி இறங்கியிருந்தால் கணக்குப் பிழைக்கும். வந்த அளவுகள் 158, 155, 108, 152 பி.எஸ்.ஐ. சிலிண்டர்களுக்கிடையில் 14 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருக்கவே கூடாது. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பச் சுற்றியதும் 145க்கு ஏறியது. விட்ட ஒயில், ரிங்குக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அடைப்பதால்தான் இப்படி ஏறும். ஏறாமல் நின்றால் வால்வைச் சந்தேகியுங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் ஹெட் கஸ்கெட்டை.

ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்ததும், மூன்றாவது சிலிண்டரின் மேல் ரிங் உடைந்து கிடந்தது. தேய்ந்த சிலிண்டர், மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் கூடுதலாக அகலும். அதற்கு மேலே ரிங் படாத பகுதி தேயாமல் ஒரு வரம்பாக நிற்கும். நகத்தால் வருடினால் தடக்கும். பழைய ரிங்கின் விளிம்பு மழுங்கியிருப்பதால் வரம்பில் இடிக்காது. புது ரிங்கின் கூரான விளிம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் இடித்து உடையும், சிலவேளை பிஸ்டன் காடியையும் உடைக்கும்.

மற்றச் சிலிண்டர்களில் சுவர் கண்ணாடி போல மினுங்கியது. ஹோன் அடிக்கவில்லை (சுவரில் நுண்ணிய கீறல் போடவில்லை), அதனால் ரிங் படியவில்லை. ரிங்கை மேல்பகுதியில் வைத்துப் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்தபோது முனை இடைவெளி 1.1 மில்லிமீற்றர். 78.7 மில்லிமீற்றர் போருக்கு ஏறத்தாழ 0.3 போதும். விட்டம் 0.25 கூடினாலே இடைவெளி 0.8 கூடிவிடும். சிலிண்டர் அவ்வளவு தேய்ந்திருந்ததால், இந்த எஞ்சினுக்குப் போர் அடிப்பதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை.

கேட்டதற்குக் கராஜ்காரர் சொன்ன பதில்: “தடைக்காலத்தில மண்ணெண்ணெயில ஓடின மொறிஸ் மைனரையே ரிங் போட்டுத்தான் ஓட்டினனாங்கள்.” உண்மைதான். ஆனால் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த அப்போது பிஸ்டன் கிடைக்கவில்லை, போடாத பிஸ்டனுக்கு ஒருவரும் பில் எழுதவுமில்லை.

ஆரம்பத்தில் புகை தெரியாததற்குக் காரணம் 20-50 என்ற தடித்த ஒயிலும் அதற்குள் ஊற்றிய தடிப்பாக்கியும். முதல் ஒயில் மாற்றத்தோடு அந்த வேஷம் கலைந்தது. விற்பனைக்கு வரும் கார்களிலும் இதே வேலை நடக்கிறது. அங்கே இன்னொன்றும் பாருங்கள்: திறப்பைப் போட்டதும் ஒயில் லைட் எரிய வேண்டும், ஸ்ராட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் வயரைக் கழற்றியிருக்கலாம். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், காலைப் புகையை மறைத்திருக்கலாம்; இன்னொரு நாள் காலையில் போங்கள்.

எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. காலையில் ஸ்ராட் செய்ததும் மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால், கொம்பிரஷனும் சரியாக இருந்தால், அது பெரும்பாலும் வால்வ் சீல்தான். அதற்கு எஞ்சின் இறக்கச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம்.

வேலை கொடுக்கும்போதே பழைய பிஸ்டன் நான்கும் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். புளொக் வவுனியாவுக்குப் போனாலும் யாழ்ப்பாணத்துக்குப் போனாலும், போர் அடித்த லேத் பட்டறையின் பில் தனியாக வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டனின் தலையில் 0.50 என்று அடித்திருக்கும்; ஹெட் பூட்டுமுன் போய்ப் பாருங்கள், படமும் எடுங்கள். கிராங் அரைத்ததாகச் சொன்னால் பெயறிங்கின் முதுகில் 0.25 போன்ற எண் இருக்க வேண்டும். இந்தக் காரில் இருந்தது ஸ்ராண்டட்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். ஆனால் “எஞ்சின் ரிப்பேர்” என்று ஒற்றை வரியில் எழுதிய பில்லை வைத்து எதையும் நிரூபிப்பது கடினம். பாகங்களைத் தனித்தனியாக எழுதி, சைஸும் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.